கசிவின் மூலம்

1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், நம் நாட்டின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா அறிமுகமானது. தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றின் முதல் மகிழுந்தும் அதுவே. கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரச் செம்பனைத் தோட்டச் சாலைகளில் பழைய சாகாக்களை இன்றும் காணலாம்.

அத்தகைய சாகா ஒன்றைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வைத்திருந்தார். தம் சேமிப்பைச் செலவழித்து அதன் இயந்திரத்தை முழுமையாகப் பிரித்துப் புதுப்பித்தார். இரண்டே வாரத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் எண்ணெய்க் கறை படிந்தது. இயந்திரமும் கியர்பெட்டியும் இணையும் இடத்தில் எண்ணெய் சொட்டுவதைக் கண்ட ஒரு பட்டறையினர், கியர்பெட்டியைக் கழற்றிப் பின்பக்க ஆயில் சீலை மாற்றினர். கூலி அதிகமானது, கசிவு நிற்கவில்லை.

பெரியவர் வேறொரு பட்டறைக்குச் சென்றார். "தம்பி, காசும் போச்சு, கசிவும் நிக்கல. காடிய வித்துடலாமா?" என்று மனம் நொந்து கேட்டார்.

"அவசரப்படாதீங்க ஐயா. எண்ணெய் சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற," என்றார் பட்டறை இளைஞர்.

எண்ணெய் எப்போதும் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். எனவே, ஈரம் தென்படும் இடங்களுள் மிக உயரமானதையே முதலில் ஆராய வேண்டும். இளைஞர் இயந்திரத்தைக் கழுவி உலர்த்தினார். அதன்மேல் முகப்பவுடரைத் தூவினார். இயந்திரத்தை முடுக்கிவிட்டுக் கைவிளக்குடன் காத்திருந்தார். சற்று நேரத்தில், மேல்மூடியின் பின்மூலையிலிருந்து கருங்கோடு ஒன்று இறங்கியது. திருகாணிகளை அளவுக்கு மீறி முறுக்கியதால் அங்கிருந்த புதிய கேஸ்கெட் நசுங்கியிருந்தது.

அதை மாற்றுவதோடு அவர் நிறுத்தவில்லை. எரிவாயுவில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து இயந்திரத்தின் அடிப்பகுதிக்குள் இறங்கும். அது வெளியேறுவதற்கென ஒரு சிறு வால்வு உண்டு. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெயை வலுவற்ற இணைப்பின் வழியே வெளியே தள்ளும். இளைஞர் வால்வைக் கழற்றிக் குலுக்கினார். 'கடகட' எனும் ஒலி எழவில்லை. இயந்திரத்தைப் புதுப்பித்தபோது பழைய வால்வையே மீண்டும் பொருத்தியிருந்தனர்.

வால்வும் கேஸ்கெட்டும் மாற்றப்பட்டன. திருகாணிகள், கையேடு கூறும் அளவுக்கு மட்டும் நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிறிது சிறிதாக முறுக்கப்பட்டன. கியர்பெட்டியைக் கழற்றிய கூலியோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு மிகக் குறைவு. ஒரு வாரம் இரவில் வண்டிக்கடியில் அட்டையை விரித்து வைக்குமாறு இளைஞர் கேட்டுக்கொண்டார். எட்டாம் நாள் பெரியவர் கொண்டுவந்த அட்டையில் ஒரு துளிகூட இல்லை.

இது ஒருவரின் பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. தரையில் சிந்தும் எண்ணெயை மழைநீர் வடிகாலுக்கும் பின்னர் ஆற்றுக்கும் அடித்துச் செல்லும். கம்போங் குவாந்தான் மின்மினிகள் வாழும் பெரெம்பாங் மரங்கள் சிலாங்கூர் ஆற்றங்கரையில்தான் நிற்கின்றன. பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய், 2005ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின்படி அட்டவணைக் கழிவாகும். ஆகவே, அந்த இளைஞர் அதனைப் பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்கிறார்.

சிக்கல் வெளிப்படும் இடத்திலேயே அதன் காரணமும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. பொறுமையாக மூலத்தைத் தேடுபவரின் உழைப்பே வீணாவதில்லை.