கோணமலைச் சரிவில் துவிச்சக்கரவண்டி

திருகோணமலைத் துறைமுகப் பகுதியைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர்க்குத் துவிச்சக்கரவண்டி உற்ற துணை. போர்த்துக்கேயர் 1624ஆம் ஆண்டில் எழுப்பிய, இன்று பிரெடெரிக் கோட்டை எனப்படும் அரணின் வாயிலைக் கடந்து, புள்ளிமான்கள் உலவும் மரநிழல் வழியே கோணேசர் ஆலயத்தை நோக்கி ஏறுகிறோம். இறங்கும்போதுதான் பிறேக்கின் அருமை புலப்படும். மான் குறுக்கே வந்தாலும், அடியார் கூட்டம் எதிர்ப்பட்டாலும் வண்டி நின்றாக வேண்டும்.

இக்கால மலைவண்டிகள் பலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வட்டத்தட்டுப் பிறேக் உண்டு. பிடியை அழுத்தினால் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும். கட்டைகள் தட்டைக் கவ்வும். பிடியை விட்டதும், வளைந்திருந்த இறப்பர் வளையம் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னிழுக்கும். கடற்கரைப் புழுதியும் உப்பும் பிஸ்டனிற் படிந்தால் அது திரும்பாது. கட்டை ஓயாமல் உரசும்.

பரிகாரம் எளிது. சில்லையும் கட்டைகளையும் கழற்றிய பின், பிடியை மெல்ல அழுத்திப் பிஸ்டனைச் சிறிதளவே வெளிவரச் செய்தல் வேண்டும்; மிகையானால் அது கழன்று விழும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் அதனைத் துடைத்து, அந்தப் பிறேக்குக்கே உரிய எண்ணெயில் ஒரு துளி பூசி, பிளாஸ்டிக் நெம்பியால் உள்ளே தள்ளலாம். கனிம எண்ணெய்க்கென அமைந்த பிறேக்கில் மோட்டார் வாகனப் பிறேக் திரவத்தை ஊற்றினால் இறப்பர் வளையம் கெடும். தட்டிலும் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது. சில்லு உரசாது சுழல்வதையும், பிடித்தவுடன் நிற்பதையும் சமதரையிற் பார்த்த பின்னரே நாம் மலையேறுதல் நன்று.