அடிபட்டவளின் பக்கத்தில்

நம் அணியில் ஒருத்தியை எதிரணி குறிவைத்து அடிக்கிறது. நடுவர் காணவில்லை. மற்றப் பத்துப் பேரும் என்ன செய்ய வேண்டும்? சென்ற வருடம் இரண்டாம் தவணை முழுக்க எங்கள் ஹொக்கி அணிக்குள் இந்தக் கேள்விதான் ஓடியது. பயிற்சிக்குப் போகும் பஸ்ஸிலும் வாதாடினோம், இடைவேளையில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டும் வாதாடினோம்.

காரணம் ஒரு வலயமட்டப் போட்டி. எதிரணி எந்தப் பாடசாலை என்பது இங்கே தேவையில்லை. நான் கோல் காப்பவள். பந்து மறுகோடியில் இருக்கும் நேரம் எனக்கு வேலை குறைவு. மைதானம் முழுவதையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்கள் இடது பக்க முன்வரிசைக்காரி மிக வேகமானவள். அவளைப் பிடிக்க முடியாத ஒருத்தி, பந்து வலது பக்கம் போனதும், எல்லாருடைய கண்களும் அதன் பின்னால் போனதும், அவளுடைய கணுக்காலில் ஸ்டிக்கால் தட்டினாள். நான் கத்தினேன். தலைக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்? இரண்டாம் முறையும் நடந்தது. மூன்றாம் முறை விழுந்தவள் எழும்பவில்லை.

அப்போதுதான் எங்கள் நடுக்களத் தோழி ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கெப்டன் பாய்ந்து அவளை இடுப்போடு கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்தார். இழுத்தும் பச்சை அட்டை வந்தது. இரண்டு நிமிடம் அவள் வெளியே. காயப்பட்டவளுக்குப் பதிலாக ஒருத்தி இறங்கியும் நாங்கள் பத்துப் பேர்தான். அடித்தவளுக்கு ஒன்றும் இல்லை. போட்டியிலும் தோற்றோம், அது வேறு கதை.

அன்றிரவு காயப்பட்டவளின் உம்மா எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கதைத்தார். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டார். “அந்தப் புள்ள அடிபடக்குள்ள நீங்க எல்லாரும் பாத்துட்டா நின்டீங்க?” அது முதலாவது. “சண்டை புடிக்கவா நாங்க புள்ளைகள அனுப்புற?” அது இரண்டாவது. ஒன்றுக்கொன்று முரண் என்று அப்போது எனக்குப் பட்டது. பிறகு யோசித்தால் முரணே இல்லை. பெண்பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரின் மனம் இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் இருக்கிறது. விழுந்தால் பக்கத்தில் நிற்க ஆளில்லை என்று தெரிந்தாலும் பிள்ளையை மறித்துக்கொள்வார்கள்; அடிதடி என்று கேள்விப்பட்டாலும் மறித்துக்கொள்வார்கள். இரண்டில் எது நடந்தாலும் அடுத்த வருடம் எங்களுக்கு அணி இருக்காது.

ஓடிய தோழி தன் பக்கத்தை விடவில்லை. அவளுடைய நானா டொரொண்டோவில் இருக்கிறார்; கனடாவின் ஐஸ் ஹொக்கிக் கதைகளை அவரிடமிருந்து கேட்டு வருவாள். அங்கே பெரிய லீக்கில் இரண்டு பேர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு முட்டியால் அடித்துக்கொண்டால் ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலைக்கென்றே அணியில் ஓர் ஆளை வைத்திருந்த காலமும் உண்டு. “திருப்பி அடிக்க ஆளிருக்கு என்டு தெரிஞ்சா ஒருத்தரும் தொட மாட்டாங்க” என்பது அவளுடைய வாதம். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. நடுவரின் கண் போகாத இடத்தில் பயம்தான் காவல் என்று சொல்கிறாள். அந்தப் பின்னேரம் எங்களுக்கு அந்தக் காவல் இருக்கவில்லை என்பதும் உண்மை.

ஆனால் அதே லீக்கில் 2004இல் நடந்ததைத் தேடி வாசித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. பெப்ரவரி 16ஆம் திகதி வன்கூவர் அணித்தலைவர் மார்கஸ் நாஸ்லண்டை, கொலராடோ அணியின் ஸ்டீவ் மூர் மோதி விழுத்தினார். தலையில் அடிபட்டது. நடுவர் தண்டனை கொடுக்கவில்லை. வன்கூவர் வீரர்கள் கணக்கை மனதில் வைத்திருந்தார்கள். மார்ச் 8ஆம் திகதி அதே அணிகள் மீண்டும் சந்தித்தபோது டொட் பெர்டூஸி, மூரின் பின்னாலேயே போய், சட்டையைப் பிடித்து, பின்புறமிருந்து குத்தி, அவர் மேலேயே விழுந்தார். மூரின் கழுத்தில் மூன்று எலும்புகள் முறிந்தன. பெர்டூஸி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. நாஸ்லண்ட் தவறவிட்டது மூன்றே மூன்று ஆட்டங்கள். மூர் அதற்குப் பிறகு அந்த லீக்கில் விளையாடவேயில்லை. அப்போது அவருக்கு வயது 25.

அங்கே கையுறையாவது கழற்றுகிறார்கள். எங்கள் கையில் இருப்பது ஸ்டிக். ஓடிப் போன வேகத்தில் அது எங்கே படும் என்று ஓடுகிறவளுக்கே தெரியாது.

அப்படியென்றால் சும்மா நிற்பதா? அதையும் என்னால் ஏற்க முடியாது. இந்த இடத்தில்தான் வாப்பா முரளியின் கதையைக் கொண்டுவந்தார். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் பழைய மாணவரான முத்தையா முரளிதரனைக் கண்டியில் யாருக்கும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. எனக்கு அவருடைய 800 விக்கெட் தெரியும். அதற்கு முன்னால் பட்டது தெரியாது. 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன் டெஸ்ட். நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை, பந்தை எறிகிறார் என்று நோ போல் கொடுத்தார். ஒரு மைதானமே பார்த்திருக்க ஓர் இளைஞனின் கையைச் சந்தேகிப்பது கணுக்காலில் அடிப்பதை விடக் குறைந்த காயமல்ல. அவருடைய முழங்கை பிறப்பிலேயே முழுமையாக நீளாதது என்று பிறகு பரிசோதனைகள் காட்டின.

அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அன்று என்ன செய்தார்? வெளியே போய் முகாமைத்துவத்துடன் பேசிவிட்டு வந்து, மற்ற நடுவரின் முனையிலிருந்து முரளியிடமே மீண்டும் பந்தைக் கொடுத்தார். ஒளித்து வைக்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 1999 ஜனவரி 23, அடிலெய்ட்டில் இங்கிலாந்துக்கு எதிரான போட்டியில் றொஸ் எமர்சன் மீண்டும் நோ போல் சொன்னபோதுதான் அவர் அணியையே எல்லைக்கோட்டுக்கு அழைத்துப் போனார். கோட்டைத் தாண்டவில்லை. ஆட்டம் நின்றது, பேசினார்கள், திரும்பி வந்தார்கள். 303 ஓட்டங்கள் எடுத்து ஒரு விக்கெட்டால் வென்றார்கள். மஹேல ஜயவர்தன 120. வாப்பா இதை நேற்று நடந்ததுபோல் சொல்வார்.

ரணதுங்க நடுவரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டியது எனக்குப் பிடிக்கவில்லை, வாப்பாவுக்கும் அது தெரியும். அன்றைய சூடு மற்றவர்களுக்கும் தொற்றியது. ரொஷான் மஹாநாமவும் டெரன் கஃபும் உரசிக்கொண்டார்கள். ரணதுங்கவுக்குப் போட்டிக் கட்டணத்தில் 75 வீதம் அபராதமும் ஆறு போட்டிகளுக்கு ஒத்திவைத்த தடையும் கிடைத்தன. ஆனால் அந்த விலையைக் கொடுத்தது தலைவர், அவருடைய சொந்தக் கணக்கில். முரளியிடமிருந்தோ எதிரணியில் ஒருவருடைய கழுத்திலிருந்தோ அது எடுக்கப்படவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உம்மா ஒரு ஹதீஸை நினைவூட்டினார். அநியாயம் செய்பவனானாலும் செய்யப்பட்டவனானாலும் உன் சகோதரனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அநியாயம் செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது பதில். இஸ்லாம் பாடத்தில் பலமுறை படித்ததுதான். கெப்டன் அன்று இடுப்போடு கட்டிப்பிடித்தது யாருக்குச் செய்த உதவி என்று அப்போதுதான் விளங்கியது.

மூன்றாம் தவணை தொடங்கியதும் நாங்கள் டீச்சரோடு உட்கார்ந்து சிலவற்றை முடிவு செய்தோம். ஹொக்கி விதிப்படி அணியினர் எல்லாருடைய நடத்தைக்கும் அணித்தலைவிதான் பொறுப்பு. ஆகவே நடுவரிடம் போவது அவர் மட்டும். அதுவும் முதல் அடியிலேயே, மூன்றாவது வரை காத்திராமல், அடித்தவளின் இலக்கத்தைச் சொல்லி, மரியாதையாக. முதல் அடியைக் காண்பது பெரும்பாலும் நான் என்பதால் பக்கத்தில் நிற்கும் பின்வரிசைக்காரிக்குச் சொல்வேன், அவள் கெப்டனுக்குக் கடத்துவாள். குறிவைக்கப்படுபவளை வெளியே எடுக்காமல் வலது பக்கத்துக்கு மாற்றுவோம். நாங்கள் தாக்கும் பாதியின் நடுவர் அந்தப் பக்கக் கோட்டோடுதான் நடப்பார், இடது பக்கம் அவருக்குத் தூரம். ஒருத்தி விழுந்தால் ஆகக் கிட்ட நிற்பவள் அவள் பக்கத்தில் போய்க் குந்த வேண்டும், வேறு எங்கும் ஓடக்கூடாது.

காயப்பட்டவள் ஆறு வாரத்தில் திரும்பி வந்தாள். அவளுடைய உம்மாவிடம் இந்தத் திட்டம் முழுவதையும் கெப்டனே வீட்டுக்குப் போய் விளக்கினார். அவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யார் பக்கத்தில் குந்துவது என்பதை மட்டும் இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னாராம்.

நடுக்களத் தோழி மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. “நான் ஓடுவன்தான். நீங்க புடிங்க” என்கிறாள். அவளுடைய ஸ்டிக்கைப் பிடுங்கும் வேலையை வலது பக்கத்தில் விளையாடும் இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறோம்.