'கன்டினியூ'வுக்கு முன்னாடி மூணு எழுத்து!

பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் முதல் தாள்ல ஒரு மார்க் கேள்வி ஒண்ணு வரும். வார்த்தைக்கு முன்னொட்டு சேர்க்கணும். 'அக்ரீ'க்கு 'டிஸ்' போட்டா 'டிஸ்அக்ரீ', 'ஹேப்பி'க்கு 'அன்' போட்டா 'அன்ஹேப்பி'. கைடுல இருந்த அத்தனையையும் தலைகீழா ஒப்பிப்பேன். அந்த ஒரு மார்க்கை நான் விட்டதே இல்ல.

அதே 'டிஸ்'தான் பின்னாடி எங்கப்பாவை வரப்புல சாய்ச்சது.

எனக்கு ஊரு பென்னாகரம் பக்கம். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பத்தாவதுல இங்கிலீஷ் 86. அப்போ முதல் தாள், ரெண்டாம் தாள்னு ரெண்டு பரீட்சை இருந்துச்சு. 2019-20 கல்வியாண்டுலதான் அதை ஒரே தாளாக்கினாங்க. ரெண்டு தாளுக்கும் எங்ககிட்ட ஒரே ஆயுதம்... மனப்பாடம்! வழி சொல்லுற கேள்விக்கு மேப்பைப் பார்க்காமலே 'கோ ஸ்ட்ரெயிட், டர்ன் லெஃப்ட்'னு எழுதுவோம். பத்தி குடுத்துக் கேள்வி கேட்டா, கேள்வியில இருக்கிற வார்த்தை பத்தியில எங்க இருக்குன்னு தேடி, அந்த வரியை அப்படியே இறக்கிடுவோம். என்ன ஃப்ரெண்ட்ஸ், நீங்களும் நம்ம கட்சிதானே?

2011. தருமபுரியில காலேஜ் முதல் வருஷம். அப்பாவுக்கு சர்க்கரை ஏறி, பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அங்க பேச்சுக்குப் பஞ்சமே இல்ல. எங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தமிழோட கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் தெலுங்கு தெரியும். டீக்கடையில இருந்து லிஃப்ட் வரைக்கும் எல்லாம் கேட்டுக் கேட்டே நடந்துச்சு. ஆனா வீட்டுக்குக் கிளம்புறப்ப கையில குடுத்த பேப்பர் முழுக்க இங்கிலீஷ்.

நர்ஸம்மா மாத்திரை விவரம் சொல்ல வந்தாங்க. அப்பா முந்திக்கிட்டார். "எம் பையன் காலேஜ் படிக்கறாம்மா. அவன் பார்த்துச் சொல்லிருவான்." அவர் முகத்துல அப்படி ஒரு பெருமை. நானும் பெரிசா தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து படிச்சேன். முதல்ல புது மாத்திரை பேரு. கீழே பழைய மாத்திரை பேரு, அதுக்கு முன்னாடி ஒரு நீளமான வார்த்தை. என் கண்ணுல பட்டது 'கன்டினியூ' மட்டும்தான். தொடரணும். அவ்ளோதானே! ரெண்டு மாத்திரையையும் எடுத்துக் குடுத்தேன்.

மூணாவது நாள் கடலைக் காட்டுல அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. கை நடுங்குச்சு, பேச்சு குழறுச்சு. வரப்புல உட்கார்ந்தவர் அப்படியே சாய்ஞ்சுட்டார். பக்கத்துக் காட்டு அத்தைக்கும் சர்க்கரை இருந்ததால விஷயம் புரிஞ்சுடுச்சு. நினைவு இருக்கிறப்பவே சர்க்கரையைக் கரைச்சுக் குடுத்தாங்க. அதுலதான் தப்பிச்சார்.

உள்ளூர் டாக்டர் பேப்பரைப் பார்த்தார். "டிஸ்கன்டினியூன்னா நிறுத்தணும்னு அர்த்தம். பழைய மாத்திரையையும் சேர்த்துக் குடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

அப்பா சோர்ந்துபோய்ப் படுத்திருந்தார். "விடுங்க சார், சின்னப் பையன்"னார். ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட அவ்ளோ வலிச்சிருக்காது.

அன்னைக்கு ராத்திரி பரண்ல கிடந்த பத்தாவது புக்கை எடுத்தேன். அந்த முன்னொட்டுப் பாடம் அங்கேயே இருந்துச்சு. வாத்தியார் சொல்லிக் குடுத்ததுதான், நான் மார்க் வாங்கினதுதான். ஆனா கைடுல இருந்த வார்த்தைக்கு வெளியில 'டிஸ்'ஸைப் பார்த்தா எனக்கு அடையாளம் தெரியல!

அப்புறம் பார்த்தா, எல்லாப் பேப்பர்லயும் இந்தக் குட்டி எழுத்துங்க ஒளிஞ்சுக்கிட்டு நிக்குது. அட்மிஷன் ஃபாரத்துல 'நான்-ரிஃபண்டபிள்'னு இருந்தா, கட்டின காசு திரும்பாது. 'நான்' இல்லேன்னா திரும்பும். மூணு எழுத்துல ஒரு குடும்பத்தோட ஒரு மாச வருமானம் இருக்கு.

தமிழ் மீடியத்தைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. தமிழ் வழியில படிச்ச மயில்சாமி அண்ணாதுரைதான் 2008-ல நிலாவுக்குப் போன சந்திரயான்-1க்குத் திட்ட இயக்குநர். 2012-13ல இருந்து அரசுப் பள்ளிகள்ல இங்கிலீஷ் மீடியம் வகுப்புகளும் வந்தாச்சு. எந்த மீடியமா இருந்தாலும் மனப்பாடம் பண்ணினா என் கதைதான். ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் சொல்லிக் குடுக்கிற இங்கிலீஷ் நிஜமாவே போதும், அதைப் புரிஞ்சு படிச்சிருந்தா.

விட்டுட்டோமேன்னு வருத்தப்படுறவங்களுக்கு ஒரு வழி. பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. ஆறாவதுல ஆரம்பிங்க, வெட்கப்படாதீங்க. கூடவே தினமும் வீட்டுல இருக்கிற ஒரு பேப்பர்... மாத்திரை அட்டை, பேங்க் ஃபாரம், பூச்சிமருந்து டப்பா... ஏதாவது ஒண்ணை முழுசா படிங்க. தெரியாத வார்த்தையைத் தாண்டிப் போகாதீங்க. மருந்து விஷயத்துல மட்டும், தெரிஞ்ச மாதிரி இருந்தாலும் நர்ஸ்கிட்டயோ டாக்டர்கிட்டயோ ஒருதரம் கேட்டுடுங்க. நான் தலையாட்டின மாதிரி ஆட்டாதீங்க.

அப்பா இப்போ நல்லா இருக்கார். எந்தப் பேப்பர் வந்தாலும் இன்னும் என்கிட்டதான் நீட்டுறார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்வார்...

"தம்பி, முன்னாடி ஏதாச்சும் ஒட்டிக்கிட்டிருக்குதா, நல்லாப் பாரு சாமி!"