தண்ணீர் வேண்டாம் என்று கேட்ட அணை!

சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஒரத்துப்பாளையம் அணை. அணை என்றதும் பூங்கா, மீன் வறுவல், செல்ஃபி என்று கிளம்பினால் ஏமாற்றம்தான்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூரைக் கடந்து இங்கே வருகிறது. பிறகு கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. பாசனத்துக்காகக் கட்டிய இந்த அணையின் வேலை 1992-ல் முடிந்தது. ஆனால், ஆற்றோடு திருப்பூர் சாயக்கழிவும் வந்து தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாகின. தண்ணீருக்காகப் போராடும் ஊரைப் பார்த்திருப்போம். இங்கே, ‘அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள்’ என்று விவசாயிகளே நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில், விதிமுறையை நிறைவேற்றாத திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

சரி, இந்தச் சாயத்தை வெயிலை வைத்தே அழிக்க முடியாதா? முடியும் என்கிறது வேதியியல். அதற்கு உதவுபவை டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும். நம் வீட்டு வெள்ளை பெயின்ட்டிலும் சன்ஸ்கிரீனிலும் இருக்கும் அதே சரக்குதான். 1972-ல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மேல் ஒளி பாய்ச்சித் தண்ணீரையே பிரித்துக் காட்டினார்கள். அங்கிருந்துதான் இந்த ஆராய்ச்சி சூடுபிடித்தது.

புற ஊதாக் கதிர் பட்டதும் அந்தத் துகளில் ஓர் எலெக்ட்ரான் துள்ளி எழும். அது விட்டுப்போன காலியிடம், பக்கத்திலுள்ள தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற முரட்டுத் துகளை உருவாக்கும். அது சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக்கும். முழுசாக நடந்தால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமே மிஞ்சும். பவுடர் அப்படியே இருக்கும்.

கேட்க ஜோர்தான். ஆனால், வெயிலில் புற ஊதா சுமார் 5 சதவிகிதம்தான். கழிவுநீர் அடர்நிறமாக இருந்தால் ஒளி உள்ளேயே இறங்காது. நுண்ணிய பவுடரை வடிகட்டி எடுப்பதும் லேசல்ல.

பெரிய சிக்கல் உப்பு. பருத்தியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு போட வேண்டும். அதை இந்தப் பவுடரால் தொடக்கூட முடியாது. அதனால்தான் திருப்பூர் ஆலைகள் இன்றும் ஆர்.ஓ.வையும் ஆவியாக்கும் இயந்திரங்களையும் நம்பியிருக்கின்றன. அங்கே மீட்ட உப்புநீர் அடுத்த துணிக்குச் சாயமேற்றப் போகிறது. கிணறுகளில் இறங்கிய பழைய உப்புக்கு அந்த வழி இல்லை. மழை பெய்யப் பெய்யக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது குறைய வேண்டும்.