சட்டம் தொழிலைக் கெடுக்கிறதா? நொய்யல் கரையில் நேரில் பார்த்தபோது

திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறை முதலாளியிடம் பேசினாலும் 2011 ஜனவரி 28 என்ற தேதி பேச்சில் வந்துவிடும். சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட நாள் அது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. அரசும் நீதிமன்றமும் தொழிலுக்குள் கை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்பவர்களுக்கு அந்தத் தேதியே சாட்சி. நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் விவசாயிகளோ, காலம் கடந்தாவது நியாயம் கிடைத்த நாள் என்று அதையே சொல்கிறார்கள்.

கட்டுப்பாடுகளால் நன்மை அதிகமா, கெடுதல் அதிகமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு பக்கத்தையும் பார்க்காமல் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டறையில் தொடங்கி, தண்ணீர் போகும் வழியிலேயே ஒரத்துப்பாளையம் அணை வரை போனேன்.

உப்பு மூட்டைகளுக்கு நடுவே

கூலிக்குச் சாயம் போட்டுத் தரும் நடுத்தரப் பட்டறை அது. உள்ளே நுழைந்ததும் நீராவிச் சூடு முகத்தில் அறைகிறது. சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கண்ணாடி வட்டத்தின் வழியே பார்த்தால், கருநீலத் துணி கயிறாகத் திரண்டு சுழல்வது தெரிகிறது. சுவரோரம் ஆள் உயரத்துக்கு உப்பு மூட்டைகள்.

பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரைகூடப் போடுகிறார்கள். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்ட உப்பெல்லாம் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

நொய்யலின் சிக்கலுக்கு முடிச்சு விழுந்தது இங்கேதான். 1990களின் இறுதியில் வந்த முதல் தலைமுறைச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை எடுத்தன. உப்பை எடுக்க அங்கே வழியே இல்லை. வெளியேறும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தது. அதை எட்ட முடியாத நிலையங்களை வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். பார்வைக்குத் தெளிந்த தண்ணீர் ஆற்றில் போனது, உப்பு வயலில் இறங்கியது.

"2011ல மாசக்கணக்குல பூட்டுப் போட்டுக் கெடந்துச்சுங்க. மெஷின் நின்னுச்சு, பேங்க் வட்டி நிக்கலைங்க" என்றார் பட்டறைக்காரர். "பெரிய கம்பெனிக்காரங்க சொந்தமா ஆர்.ஓ. போட்டுக்கிட்டாங்க. எங்களாட்டம் ஆளுங்க கூட்டுச் சேந்துதான் பண்ணோணும். ரூல் வேண்டாம்னு நான் சொல்லலைங்க. ஆரம்பத்துலயே கறாரா சொல்லியிருந்தா, இடம் வாங்கறப்பவே அதுக்குத் தகுந்த மாதிரி வாங்கியிருப்போம்."

அவர் குறையில் நியாயம் இருக்கிறது. மூடலால் வேலையிழந்த தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். துணி மட்டும் நிற்கவில்லை. ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் அனுமதியில்லாத பட்டறைகளுக்குப் போனது. திருப்பூரில் அடைத்த சாயத் தண்ணீர் வேறு ஊர்களின் ஓடைகளில் திறந்துகொண்டது. அவசரக் கட்டுப்பாடு மாசை இடம் மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான உதாரணம் தேவையில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தில்

பட்டறைகளிலிருந்து குழாய் வழியாக வரும் கழிவுநீர் முதலில் ஒரு பெரிய தொட்டியில் சேர்கிறது. கறுப்பும் ஊதாவும் கலந்த நிறம், மேலே நுரை, மூக்கைப் பிடிக்க வைக்கும் நெடி. அடுத்த தொட்டியில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்க்கிறார்கள். அழுக்கை அவை தின்று தீர்க்கின்றன. அதன்பின் வடிகட்டி, நிறநீக்கம், கடைசியாக உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.

ஆர்.ஓ. கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது, அவ்வளவு இரைச்சல். ஊழியர் ஒருவர் மூன்று குப்பிகளில் தண்ணீர் பிடித்து வரிசையாக வைத்துக் காட்டினார். முதலாவது மை போல. இரண்டாவதில் வெளிறிய பழுப்பு. மூன்றாவதன் பின்னால் அவர் விரல் ரேகை தெரிந்தது. அந்த மூன்றாவது தண்ணீர்தான் பட்டறைக்கே திரும்பிப் போய் மறுபடியும் சாயத் தொட்டியில் சேர்கிறது. வந்த தண்ணீரில் பெரும்பகுதி இப்படி மீண்டுவிடுகிறது. மிஞ்சும் கடும் உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்துச் சோடியம் சல்பேட்டைப் பிரிக்கிறார்கள். அதுவும் சாயம் போடவே திரும்புகிறது. ஆற்றுக்கு ஒரு சொட்டும் விடக்கூடாது என்பதுதான் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' விதி.

இந்த விதி இல்லாமல் இந்த நிலையம் வந்திருக்காது. தானாக யாரும் இவ்வளவு செலவை ஏற்கமாட்டார்கள், ஏனென்றால் பக்கத்துப் பட்டறைக்காரர் ஏற்காவிட்டால் ஏற்றவரின் கூலி கூடிவிடும், ஆர்டர் போய்விடும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விதிப்பதால் மட்டுமே நடக்கக்கூடிய காரியம் இது. அதே சமயம், விதி மட்டும் போட்டுவிட்டுப் பணத்துக்கு வழி காட்டாததால்தான் இழுபறி நீண்டது. மூடலுக்குப் பிறகே மாநில அரசு பொது நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. முன்பே கொடுத்திருக்க வேண்டிய பணம்.

குறையும் கண்ணில் படுகிறது. மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பை மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை எங்கே கொண்டுபோவது என்பதற்கு முழுத் தீர்வு இல்லை. மின்சாரமும் விறகும் கணிசமாகச் செலவாகின்றன. ஆற்றைக் காப்பாற்றிய விதி வேறொரு சுமையை உண்டாக்கியிருக்கிறது என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஒரத்துப்பாளையம்

சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே நிற்கிறது அணை. 1992ல் பாசனத்துக்காகத் திறந்தது. சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே போராடியது உலகில் வேறெங்காவது நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

கரையோரம் ஒரு பெரியவரின் தோட்டம். மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து காட்டினார். காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும் என்றார். "கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும் சாமி. மஞ்சள் போட்ட காடு இது. இப்ப சோளத்தட்டு வந்தாலே பெரிசு." மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் கொஞ்சம் தேறியிருப்பதாகவும் சொன்னார்.

இந்த நட்டத்துக்கு விலை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த சூழல் இழப்பு ஆணையம், 2002 ஆகஸ்ட் முதல் 2004 டிசம்பர் வரையிலான இழப்புக்கு 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரி 8,700 ரூபாய்கூட இல்லை. இரண்டு ஆண்டுக்கும் மேலான விளைச்சலுக்கு இது என்ன விலை? கட்டுப்பாட்டின் செலவைப் பேசுகிறவர்கள், கட்டுப்பாடு இல்லாத காலத்தின் செலவை யார் தலையில் ஏற்றினோம் என்பதை இங்கே வந்து பார்க்க வேண்டும்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. அணை திறந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது 18. ஜீரோ டிஸ்சார்ஜ் உத்தரவு வந்தது 2006 டிசம்பரில், அதுவும் பாசன விவசாயிகள் சங்கம் நீதிமன்றம் போனதால். அந்த நிலையை எட்டும்வரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கும் அபராதம் விதித்தார்கள். 2009ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்று மூன்று மாதக் கெடு கொடுத்தது. கெடுவுக்கு மேல் கெடு போய்த்தான் 2011ல் பூட்டு விழுந்தது.

இன்றைய ஆறு

திருப்பூருக்குத் திரும்பி ஆற்றுப் பாலத்தில் நின்றால் நாற்றம் இன்னும் அடிக்கிறது. இது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடை. கோவையிலிருந்தே நகரக் கழிவுநீர் நொய்யலில் கலந்தபடிதான் வருகிறது. பட்டறைக்கு ஒரு சொட்டும் கூடாது என்ற அரசு, தன் சாக்கடைக்கு அதே கறாரைக் காட்டவில்லை. போதாததற்கு, மழை பெய்யும் இரவுகளில் பிரின்டிங் பட்டறைகளும் ஜிப், பட்டனுக்குச் சாயமேற்றும் சிறு பட்டறைகளும் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகின்றன. ஒழுங்காகச் செலவு செய்பவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது.

தொழில் அழிந்ததா? அழியவில்லை. 2021-22ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது. துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்கும் காலத்தில், அதற்குப் பதில் சொல்ல முடிவது ஊருக்கே பலம்.

நான் பார்த்தவரையில் கெடுதல் செய்தது கட்டுப்பாடு அல்ல, ஏட்டில் மட்டும் இருந்த கட்டுப்பாடு. முப்பது ஆண்டுக்கும் மேல் கண்டும் காணாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் பூட்டியதில் முதலில் விவசாயியும், பின்னர் சிறு பட்டறைக்காரரும் கூலித் தொழிலாளியும் அடிபட்டார்கள். அடுத்து எந்த ஊரில் எந்தத் தொழில் வந்தாலும் மூன்றைச் செய்யுங்கள். ஆறு எத்தனை பட்டறையைத் தாங்கும் என்று கணக்குப் பார்த்த பிறகே இசைவாணை கொடுங்கள். சிறு தொழிலுக்கான கடனைக் கெடு முடிவதற்கு முன்பே கொடுங்கள். பட்டறைக்கு விதித்ததை மாநகராட்சிச் சாக்கடைக்கும் விதியுங்கள். இந்த மூன்றும் இருந்தால், ஆற்றைக் காக்க எந்தத் தொழிலையும் பூட்ட வேண்டியிருக்காது.