எந்தப் பாணில கால்?

கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 4, 5 இல் பிள்ளை இருக்கிற பெற்றாராவது கடைசிவரை வாசியுங்கோ. பிள்ளையின் பெயர் போடவில்லை, தாயிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

போன தவணைப் பரீட்சைக்கு நாங்கள் கொடுத்த கணக்கு இது: "அம்மா ஒரு பாண் வாங்கினார். அக்கா அரைவாசியைச் சாப்பிட்டார். தம்பி காற்பங்கைச் சாப்பிட்டான். மிகுதி எவ்வளவு?" விடை கால். அநேகமானோர் சரியாக எழுதினார்கள். ஒருவன் மட்டும் எண்ணே எழுதாமல் ஒரு பாணைக் கீறி, எட்டுத் துண்டாக்கி, மூன்று துண்டுக்கு நிறம் தீட்டியிருந்தான். பிழை போட்டோம். பக்கத்தில் சிவப்புப் பேனையால் "கவனம்" என்றும் எழுதினோம்.

விடைத்தாள் கொடுத்த அன்று மேசைக்கு வந்தான்.

"ரீச்சர், எந்தப் பாணில கால்?"

"ஒரு பாண்தானே மகன் இருக்கு."

"அக்கா அரைவாசி சாப்பிட்டிட்டா. மேசையில இருக்கிறது அரைவாசிப் பாண். தம்பி அதிலதானே கால் எடுப்பான்?"

பாண் எட்டுத் துண்டு. அக்கா சாப்பிட்டது நாலு. மிச்சம் நாலில் கால் என்றால் ஒரு துண்டு. மேசையில் மூன்று. அவன் கணக்கு அச்சொட்டாகச் சரி. "முழுப் பாணின் காற்பங்கு" என்று எழுதாமல் விட்டது நாங்கள். எங்கட ஒரு சொல்லுக்கு அவனுக்கு நாலு புள்ளி போயிருக்கிறது.

அன்று இரவு எங்களை நித்திரை கொள்ள விடாதது அந்த நாலு புள்ளி அல்ல. மற்றப் பிள்ளைகள் எப்படிச் சரியாக எழுதினார்கள் என்பதுதான். அவர்கள் பாணையே பார்க்கவில்லை. இரண்டு பின்னத்தையும் "மிகுதி" என்ற சொல்லையும்தான் பார்த்தார்கள். மொத்தம் என்றால் கூட்டு, மிகுதி என்றால் கழி, ஒவ்வொருவருக்கும் என்றால் பிரி. இதைப் பெரிய எழுத்தில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டியதும் நாங்கள்தான்.

சோதித்துப் பார்ப்போம் என்று அடுத்த நாள் ஒரு கணக்குக் கொடுத்தோம்: கண்ணனிடம் 12 மாங்காய், அது ராணியிடம் இருப்பதைவிட 4 கூட, ராணியிடம் எத்தனை? பாதி வகுப்பு 16 என்றது. "கூட" என்று இருக்கிறதே!

இது கரவெட்டிப் பிள்ளைகளின் குறை இல்லை. 1979 இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவனுக்கு வயது எத்தனை? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். நாங்களும் விடவில்லை. நெல்லியடிச் சந்தைக்கு லொறியில் 20 மூட்டை வெங்காயமும் 14 மூட்டை உருளைக்கிழங்கும் வந்தன, சாரதிக்கு வயது எத்தனை? வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளை படிமுறையெல்லாம் காட்டி, 34 வயது என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தது. 34 சாரதிக்குப் பொருத்தமான வயதாகவும் வந்துவிட்டது, சிரிக்காமல் என்ன செய்வது. பாண் கீறியவனின் தாள் வெறுமை. அவன் கொப்பியில் இப்படி எத்தனை வெறும் இடங்களுக்கு "செய்யவில்லை" என்று எழுதியிருப்போம்!

"எதில்?" என்ற கேள்வியின் பாரம் எங்கட வீட்டிலும் தெரிந்ததுதான். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன குடும்பங்களில் எங்கடதும் ஒன்று. சோனகதெருவில் இரண்டு பரப்புக் காணி மட்டும் மிஞ்சியது. வாப்பா மௌத்தான பிறகு அதைப் பங்கு வைக்க வேண்டி வந்தது. உம்மா, மூன்று ஆண், ஒரு பெண். ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. சின்ன நானா உடனே 20 பேர்ச்சஸை ஏழால் பிரிக்கத் தொடங்கினார். உம்மாவின் எட்டிலொன்றை எங்கே போடுவது என்று தெரியாமல் சத்தம் வந்தது. எல்லாரும் படித்த ஆட்கள்.

மௌலவி பேனையைக் கையில் எடுக்கவேயில்லை. "வாப்பாக்குக் கடன் ஏதும் இருக்கா? வஸிய்யத்து ஏதும் சொன்னவரா?" என்றுதான் முதலில் கேட்டார். அதெல்லாம் கழிந்த பிறகுதான் முழுசு எது என்று தெரியும். கடன் இல்லை. முழுசு 20. உம்மாவுக்கு முழுசில் எட்டிலொன்று, இரண்டரை. மிச்சம் பதினேழரையில்தான் ஏழு பங்கு. பங்கு இரண்டரை. ஆண்களுக்கு ஐந்து ஐந்தாகப் பதினைந்து, எங்களுக்கு இரண்டரை. அச்சாவாக முடிந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மியின் அல்ஜிப்ரா நூலில் பெரிய பகுதி இப்படியான சொத்துக் கணக்குகள்தான்.

அந்த எட்டிலொன்றை உம்மா "அரைக்கால்" என்பா. ஊரில் பழைய ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள். அரைக்கால் என்றால் காலில் அரை. எதில் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 4 ஐவிட 8 பெரிது, ஆகவே காலைவிட எட்டிலொன்று பெரிது என்று எழுதுகிற பிள்ளையிடம் அரைக்கால் பெரிதா கால் பெரிதா என்று கேட்டுப் பாருங்கோ, அந்தப் பிழை வராது.

இப்போது சுவரில் இருந்த தாளைக் கழற்றிவிட்டோம். வசனக்கணக்கு என்றால் முதலில் எண்ணே இல்லாமல் கதையைச் சொல்லச் சொல்கிறோம். யாரிடம் என்ன இருந்தது, யார் எடுத்தது, எதிலிருந்து எடுத்தது. பிறகு படம். எண் அதற்குப் பிறகு. நேரம் போகிறதுதான். புலமைப்பரிசில் வருடத்தில் இப்படி இழுத்தடிக்கலாமா என்று இரண்டு பெற்றார் கேட்டும்விட்டார்கள். அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் ரியூசன் மாதிரி வினாத்தாளை வீட்டில் செய்விக்கும்போது "கூட்டலா கழித்தலா" என்று மட்டும் கேட்காதையுங்கோ. "எதில கால்?" என்று கேளுங்கோ.

அந்த நாலு புள்ளியையும் திருப்பிப் போட்டோம். தேர்ச்சி அறிக்கை அதற்கு முதலே வீட்டுக்குப் போய்விட்டதால், நேரில் போய்த் தாயிடம் விசயத்தைச் சொன்னோம். அவ சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினா.

"எங்கட வீட்டில அரை றாத்தல் பாண்தான் ரீச்சர் வாங்கிறது. அதில இவர் வேலைக்குப் போக முதல் பாதி எடுத்திடுவார். மிச்சத்திலதான் பிள்ளையளுக்குப் பிரிக்கிறனான். முழுப் பாண் அவன் எங்க கண்டவன்?"