எடை குறைந்த உடலும் அமானிதமே



பட்டாபிராமில் மக்தபுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரில் சிலர் அண்மைக் காலமாக நம்மிடம் கேட்பதுண்டு: "உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன், ஹஜ்ரத். ரமளானில் நோன்பு வைக்கலாமா?"

மார்க்கத்தின் விடையைச் சொல்லுமுன் அவ்வுடலின் நிலையை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அகற்றப்படுகிறது. சிறிதளவே உண்ண முடிவதால் எடை விரைந்து குறைகிறது. ஆனால் கரைவது கொழுப்பு மட்டுமன்று, தசையும் கரைகிறது. எடை பார்க்கும் இயந்திரம் இரண்டையும் பிரித்துக் காட்டாது. "மாஷா அல்லாஹ், எவ்வளவு இளைத்துவிட்டாய்!" என்று உறவினர் மகிழும் வேளையில், மாடிப்படி ஏற இயலாமல் கால்கள் தளரக்கூடும்.

ஆகவேதான் மருத்துவர்கள் பொதுவாக நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் உண்ணச் சொல்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6 கிராம். சோற்றை முதலில் உண்டால் கறிக்கு வயிற்றில் இடமிராது. மீன், கோழி, முட்டை, பருப்பு ஆகியவை முதலில், சோறு பிறகு. தண்ணீரை உணவோடு சேர்க்காமல் இடைவேளைகளில் சிறிது சிறிதாக அருந்த வேண்டும். தசை நிலைக்க உடற்பயிற்சியும் தேவை. மருத்துவர் எழுதித்தரும் பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நாமாக நிறுத்தலாகாது. மாத்திரை உறையின் ஜெலட்டின் குறித்து ஐயமிருந்தால், மாற்று மாத்திரை கேட்டுப் பெறலாம்.

இனி நோன்பு. பகலெல்லாம் நீரின்றி இருந்துவிட்டு, இத்தனை புரதத்தையும் நீரையும் இரவின் சில மணி நேரத்துக்குள் அச்சிறு இரைப்பைக்குக் கொடுப்பது எளிதன்று. எனவே தொடக்க மாதங்களில் நோன்பைத் தவிர்க்கவே மருத்துவர்கள் அறிவுறுத்துவர். நோயாளி வேறு நாள்களில் நோற்கும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனம் வழங்குகிறது. உடல் தேறும் நம்பிக்கையுள்ளவர் பின்னர் கழாச் செய்வார். நிரந்தரமாக இயலாதவர் ஃபித்யா கொடுப்பார். இறைவன் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. மருத்துவர் அனுமதித்த பின் நோற்பவர், இஃப்தாரில் சர்பத்தையும் சமோசாவையும் ஒதுக்கி, கறி சேர்த்த நோன்புக் கஞ்சியைச் சிறுகச் சிறுக அருந்தட்டும். இனிப்பு மிகுந்தால் சிலருக்குப் படபடப்பும் மயக்கமும் வரும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வலீமா விருந்தில் "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்தாதீர்கள். ஒரே தட்டில் அமர்ந்து உண்ணும்போது கறித்துண்டை அவர் பக்கம் நகர்த்தி வையுங்கள். உடலுக்கும் நம்மீது உரிமையுண்டு என்று கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். அவ்வுரிமையை நிறைவேற்ற ஒருவருக்கொருவர் துணைநிற்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.